ஒரே ட்ரில், இரண்டு நம்பர்

ஜூலை 8, திங்கள்

இன்று மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒருவர் நாயுடுபேட்டையிலிருந்து பில்லும் கையுமாக வந்தவர். எல்லாம் எங்கள் கடை போர்டு செய்கிற வேலை: 'இதே பொருள் வேறு கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால், வித்தியாசத்தை இரண்டு மடங்காகத் திருப்பித் தருவோம்.' திருப்பதியில் இந்த டூல்ஸ் கடையில் நான் சேர்ந்து மூன்று வருஷம். இதுவரை ஒருவருக்கும் பைசா தந்ததில்லை. பில்லை வாங்குவேன், மாடல் நம்பரைப் பார்ப்பேன், "இது வேற நம்பர் சார், இதே பொருள் இல்ல" என்பேன். சிரிப்பு மட்டும் குறையக் கூடாது.

மேனேஜர் ஹரிபிரசாத் சார் புதிதாகச் சேர்பவர்களிடம் "தேவசேனா மாதிரி சிரிக்கணும்" என்கிறார். தீபாவளிக்குள் என்னை சூப்பர்வைசர் ஆக்குகிறாராம்.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டில் ரகளை.

போன மாதம் நைனாவுக்கு எங்கள் கடையில் ஒரு ட்ரில் மெஷின் எடுத்துக்கொடுத்தேன். காசு அவருடையது, பேச்சு என்னுடையது. "இது டி.பி. 1310, நைனா. உள்ள ஃபுல் காப்பர். சித்தூர்ல விக்கிறது பாக்க இதே மாதிரி இருக்கும், உள்ள வேற." நைனா எங்கள் ஊர் நகரியில் பாதி விசைத்தறிகளுக்கு ஃபிட்டர். போகிற தறிக்கொட்டகையில் எல்லாம் இதை ஒப்பித்திருக்கிறார்.

இன்று துலுக்காணம் மாமா சித்தூரில் வாங்கிய சி.டி. 1310-ஐத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரும் ஃபிட்டர்தான், நைனாவுக்குக் கூட்டாளி, தொழில் என்று வந்தால் எதிராளி. அதே நீலம், அதே எடை. எழுநூறு ரூபாய் கம்மி.

"திருப்பதிக்குப் போனா மொட்ட அடிப்பாங்கன்னு தெரியும். பெத்த பொண்ணே அடிக்கும்னு தெரியாது தாமோதரா!"

தெருவே சிரித்தது. நைனாவும் சிரித்தார். அப்புறம் உள்ளே வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூலை 15, திங்கள்

நைனா என்னோடு பேசுகிறார். பேசாமல் இருந்திருந்தால் தேவலை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறரை என்றேன். தலையாட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, "ஆறரைதானாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஜூலை 17, புதன்

சித்தூர் கடைக்கு வாடிக்கையாளர் போலப் போன் போட்டேன். திருப்பதியில் டி.பி. 1310 விற்கிறார்களே, உங்கள் சி.டி.யும் அதேதானா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். எங்களோடது ஃபுல் காப்பர். அங்க விக்கிறது பாக்க இதே மாதிரி இருக்கும், உள்ள வேற."

ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னதுகூடப் போனில் கேட்டது. இது என் வசனமாச்சே — அப்படியானால் நான் யாருடைய வசனத்தைச் சொல்கிறேன்?

ஜூலை 20, சனி

ட்ரில் கம்பெனி ரெப் திலீப் வந்தார். டீ வாங்கிக்கொடுத்து, டி.பி.க்கும் சி.டி.க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கர்" என்றார்.

பெரிய கடைகள் ஒவ்வொன்றும் தனக்கென்று தனி நம்பர் கேட்குமாம். நம்பர் வேறு என்றால் 'இதே பொருள்' வேறு எங்கும் கிடைக்காது. அப்புறம் எவ்வளவு பெரிய போர்டையும் தைரியமாக மாட்டலாம். டி.பி. திருப்பதி, சி.டி. சித்தூர். நான் மூன்று வருஷமாக டி.பி. என்றால் 'டர்போ பவர்' என்று சொல்லி வருகிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, என் சொந்தச் சரக்கு.

"அப்ப எல்லா நம்பரும் சும்மாவா?"

"அப்படியும் சொல்ல முடியாது. சிலதுல கியர் பிளாஸ்டிக். சிலதுல ஒயர் நீளம் கம்மி. பிரிச்சிப் பாத்தாதான் தெரியும்."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், வடமாலபேட்டை தாண்டும்போது பஸ்ஸிலேயே அழுகை வந்துவிட்டது. வேணும்னு நான் பொய் சொல்லல. ஆனா நைனா நம்பினாரே. நாளைக்குச் சொல்லிடணும். சொன்னா கடைக்குப் போய்ச் சண்டை போடுவார். சூப்பர்வைசர் வேலை?

ஜூலை 21, ஞாயிறு

சொல்லவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

ஆஷாட ஆஃபர் கூட்டம், ஆடித் தள்ளுபடி மாதிரி. பதினொரு மணிக்கு நைனா வந்தார். கூடவே துலுக்காணம் மாமா, இரண்டு ட்ரில், இரண்டு பில். நைனா ஒழுங்காகக் கியூவில் நின்று, என் முன்னால் வந்ததும் "மேடம்" என்றார். என்னை!

நான் வாயைத் திறப்பதற்குள் ஹரிபிரசாத் சார் வந்துவிட்டார். "பெத்தாயனா, பெரியவரே, நம்பர் வேற, பொருள் வேற."

நைனா வாதாடவில்லை. தோள் துண்டை எடுத்து கவுண்டரில் விரித்தார். பத்தே நிமிஷத்தில் இரண்டு மெஷினும் அக்கக்காகக் கிடந்தன. சுற்றி இருபது பேர். கியர், காயில், சுவிட்ச் என்று ஜோடி ஜோடியாக எடுத்து, "இன்னா வேற, காட்டு" என்று சாரிடம் நீட்டினார். சார் கியரை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். உதவி செய்கிறேன் என்று துலுக்காணம் மாமா துண்டை இழுத்ததில் எல்லாம் கலந்துபோயிற்று. நைனா அசரவில்லை. கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார். இரண்டும் ஜம்மென்று ஓடின.

"ஸ்டிக்கர் இருக்கிற மேல் மூடி உங்களுது, சரி. உள்ள இருக்கிறது யாருது?"

சார் என் பக்கம் திரும்பினார். "செப்பம்மா, தேவசேனா. வித்தியாசம் இன்னான்னு செப்பு."

என் சிரிப்பு பழக்கத்தில் தானாக வந்து நின்றது. நைனா என்னையே பார்த்தார். மேடத்தைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"ஸ்டிக்கர் மட்டும்தான் சார் வேற. இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் தெரியாம சொன்னது."

கூட்டத்தில் யாரோ கை தட்டினார். வேறு வழியில்லாமல் சார் இரண்டு மடங்கைக் கொடுத்தார். உடனே சூளூர்பேட்டைக்காரர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து தன் பில்லை எடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 24, புதன்

போர்டைக் கழற்றிவிட்டார்கள். என்னையும்தான் — கவுண்டரிலிருந்து குடோனுக்கு. சூப்பர்வைசர் பேச்சே இல்லை. பயங்கர வருத்தம். ஆனால் குடோனில் சிரிக்க வேண்டியதில்லை. தாடை வலி விட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ரிட்டர்ன் வந்த மெஷின்களைப் பிரித்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒன்றில் நிஜமாகவே பிளாஸ்டிக் கியர்! இன்னொன்று மூன்று நம்பரில் வருகிறது, மூன்றும் ஒன்றே.

இன்று ஹரிபிரசாத் சார் குடோனுக்கு வந்து கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்று நினைத்தேன். மச்சான் வீடு கட்டுகிறாராம், எந்த ட்ரில் எடுக்கலாம் என்று கேட்டார். சித்தூரில் எடுக்கச் சொன்னேன். குறித்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

துலுக்காணம் மாமா வந்தார். கிரைண்டர் வாங்க வேண்டுமாம். இரண்டு கடையில் இரண்டு நம்பர், எது நல்லது என்று கேட்டார்.

"நான் இன்னும் பிரிச்சிப் பாக்கல மாமா. தெரியாது."

மாமா நைனா பக்கம் திரும்பினார். "இன்னா தாமோதரா, உன் பொண்ணு தெரியாதுன்னுது?"

நைனா ட்ரில்லுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அப்ப வாங்காத. அது பாத்துட்டுச் சொல்லட்டும்."