மடியில் வைத்திருந்தவள்

10 ஜனவரி 2025, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் பியட் காரைத் துடைத்தேன். அப்பா வாங்கிய வண்டி, அறுபத்துநாலாம் வருஷத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கொட்டகையில் கிடந்ததை, தோல் கமிஷன் வியாபாரத்தை விட்ட பிறகு ராணிப்பேட்டை மெக்கானிக் ராமமூர்த்தியிடம் கொடுத்து ஓட வைத்தேன்.

மகள் இஃப்ரா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். ஒவைஸை அழைத்துக்கொண்டு அடுத்த வாரம் வருகிறாள். பேரனுக்கு இரண்டு வயது நிறையப் போகிறது. வாணியம்பாடி கல்யாணத்துக்கு எல்லோரும் பியட்டிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? பேரனை ஏற்றிக்கொண்டு போகும் ஆசைதான். பக்கத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி அன்வரி முறத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் இந்த வண்டியில் ஏறி முப்பத்துநான்கு வருஷம் ஆகிறது.

18 ஜனவரி, சனி

வந்துவிட்டார்கள். இஃப்ரா தானே கார் ஓட்டி வந்தாள். அவளுடைய வண்டியின் பின்சீட்டில் ஒவைஸுக்கென்று தனி நாற்காலி. தோளிலும் இடுப்பிலும் வார். அவிழ்த்துவிட்டதும் நேராக பியட்டிடம் ஓடி ஹாரனை அழுத்தினான். 'நானா, பாம் பாம்' என்றான். தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவான். உச்சி குளிர்ந்து போனது.

அந்த நாற்காலியைத் தூக்கி வந்து பியட்டின் பின்சீட்டில் வைத்துப் பார்த்தாள் இஃப்ரா.

"அப்பா, இதுல பெல்ட்டு எங்க? எதுல கட்றது?"

"அந்தக் காலத்துல பெல்ட்டு ஏதும்மா? கொழந்தைங்க எல்லாம் மடியிலதான்."

சொன்ன பிறகுதான் பார்த்தேன். அன்வரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

19 ஜனவரி

சாப்பாடு இறங்கவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

22 ஜனவரி, புதன்

ராமமூர்த்தியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பின்சீட்டுக்கு பெல்ட் போட வேண்டும் என்றேன். சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்து, ஸ்க்ரூடிரைவரால் தரையை அழுத்தினான். தகரத்தைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

"பெயின்ட்டு அடிச்சி பளபளன்னு கீது பாய். உள்ள தரை போயிடுச்சி. இதுல போல்ட்டு போட்டா, ஒரு முட்டு முட்னா பெல்ட்டோட சேத்து பிச்சிகினு வந்துடும்."

"வெட்டி எடுத்துட்டு வேற தகடு வச்சி வெல்டிங் பண்ணேன்."

"பண்லாம். பெரியவங்க ஒக்காரட்டும். கொழந்தைக்கு நான் பொறுப்பு சொல்ல மாட்டேன்."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அம்மாக்காரி மடியில கெட்டியா புடிச்சிகினா?"

"இன்னா பாய் நீங்க? நாப்பதுல போயி முட்னாவே பத்து கிலோ கொழந்த முன்னூறு கிலோ மூட்டையாட்டம் பாயும். பயில்வானாலயும் ஆவாது. பாவம், கை இன்னா பண்ணும்?"

அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினேன்.

24 ஜனவரி

எழுதிவிடுகிறேன். இதுவரை எதிலும் எழுதாதது.

1990 செப்டம்பர். பேர்ணாம்பட்டில் ஒரு கல்யாணம். மகன் ஷோயபுக்கு ஒன்றரை வயது. இஃப்ரா அப்போது பிறக்கவில்லை. அன்வரி குழந்தையோடு பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். 'முன்னாடி வந்து உக்காரு, நாலு பேரு பாக்கட்டும்' என்றவன் நான். அவனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பஜாரைத் தாண்டும்போது தெரிந்த வியாபாரி ஒருவர் கை காட்டினார். நானும் ஸ்டியரிங்கை விட்டுக் கை காட்டினேன். திரும்பிப் பார்த்தபோது முன்னால் தோல் லாரி நின்றுகொண்டிருந்தது.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் பிடிக்க எதுவும் இல்லை, அவனைத் தவிர.

ஆஸ்பத்திரியில் என் அக்கா அக்தர் பானு, நெற்றியில் தையலோடு கிடந்தவளிடம் கேட்டாள்: 'கொழந்தைய கெட்டியா புடிக்கலியா நீ?' நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. லாரி சட்டென்று நின்றுவிட்டது என்று போலீசிடம் சொன்னேன். வீட்டில் அதைக்கூடச் சொல்லவில்லை. 'அன்வரி கை நழுவ உட்டுட்டா' என்பதே எல்லோருடைய வாயிலும் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அவள் கையில் குழந்தை கொடுத்து நான் பார்த்ததில்லை. இஃப்ரா பிறந்தபோதும் குளிப்பாட்ட அக்காதான் வந்தாள்.

நான் என்ன மனுஷன்?

26 ஜனவரி, ஞாயிறு

அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். இஃப்ரா சமையலறைக்குப் போகும் அவசரத்தில் ஒவைஸை அன்வரியிடம் நீட்டினாள். அன்வரியும் கை நீட்டினாள்.

"இப்பவாச்சும் கெட்டியா புடி," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்வரி கையை மடக்கிக்கொண்டாள்.

"ஆபா, அவ கை நழுவல," என்று அக்காவிடம் சொன்னேன்.

"இன்னாடா?"

"பின்னாடி உக்காந்தவள முன்னாடி கூப்பிட்டது நான். ரோட்ட பாக்காத எவனுக்கோ கை காட்டினு ஓட்டினது நான். அந்த வேகத்துல எந்தத் தாயாலயும் கொழந்தைய புடிச்சிருக்க முடியாது. நீ ஆஸ்பத்திரியில கேட்டப்போ நான் அங்கியேதான் இருந்தேன். சொல்லல. நான் சொல்லல ஆபா."

ஒவைஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இஃப்ரா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கு அண்ணன் ஒருவன் விபத்தில் போனான் என்பது மட்டும்தான் தெரியும்.

அக்கா புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "இத்தன வருசமா நான் அவள..." என்று ஆரம்பித்தாள். முடிக்காமலே போய்விட்டாள்.

பிறகு அன்வரி பேசினாள். அழவில்லை.

"நீங்க கூப்ட்டது எனக்கும் தெரியும். ஆனா கை என்னுதுதானே? நெஜமாவே நான்தான் உட்டுட்டேன்னு நெனச்சினு இருந்தேன். தெனமும். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

30 ஜனவரி

ராமமூர்த்திக்கு போன். பெல்ட் வேலை வேண்டாம், தரையை மட்டும் சரி செய் என்றேன். அந்த வண்டியில் இனி எந்தக் குழந்தையும் ஏறாது.

2 பிப்ரவரி, ஞாயிறு

இஃப்ராவின் காரில் கல்யாணத்துக்குப் போனோம். பின்சீட்டில் நாற்காலியில் ஒவைஸ், பக்கத்தில் அன்வரி. மண்டபத்தில் அக்கா அவளைத் தேடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள் என்று இஃப்ரா சொன்னாள். நான் ஆண்கள் பகுதியில் இருந்ததால் பார்க்கவில்லை.

5 பிப்ரவரி, புதன்

அன்வரி மகளோடு பெங்களூர் போகிறாள். "எத்தன நாளு?" என்று கேட்டேன். "தெரியல," என்றாள்.

போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

கிளம்பும் முன் ஒவைஸின் வாரை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

11 பிப்ரவரி, செவ்வாய்

போய் ஆறு நாள் கழித்து இன்று போன் செய்தாள். சாப்பிட்டீங்களா என்றெல்லாம் கேட்கவில்லை.

"ஷோயப் மொதல்ல பேசின வார்த்த இன்னா, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். அப்போதெல்லாம் விடிந்ததும் தோல் மண்டிக்குப் போய்விடுவேன்.

"பானி. தண்ணி பாத்தா பானி, பால பாத்தாலும் பானி."

அவன் குப்புறப் படுத்துத்தான் தூங்குவானாம். மழை பெய்தால் காதைப் பொத்திக்கொள்வானாம். இந்த வீட்டில் அவன் பெயரை நாங்கள் இருவரும் சொல்லிக்கொண்டதே இல்லை. இன்று முக்கால் மணி நேரம் சொன்னாள்.

எப்போது வருவாய் என்று கேட்டேன். அதற்கு அவள் வேறொன்று கேட்டாள்.

"அவனுக்கு மாதுளம்பழம்னா உயிரு. அதாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன். அந்தக் கதையையும் சொன்னாள்.