ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்

பெர்கன்,
வெள்ளிக்கிழமை

ஸ்டுர்லாவுக்கு அண்ணி ஒட்னி எழுதுவது. ‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். இங்கே விடாத மழை. உன் மனைவி கொடுத்தனுப்பிய பழுப்புச் சீஸ் வந்து சேர்ந்தது. நான் தொடவில்லை, ஆஸ்பத்திரி நர்ஸுகள் தின்று தீர்த்தார்கள்.

உன் அண்ணன் ஐவிண்ட் எப்படிக் கிடந்தார் என்று நீ வந்து பார்க்கவில்லை. நானே சொல்கிறேன். மீன் தொழிற்சாலையின் குளிர்பதன அறையில் அம்மோனியா கசிந்தபோது உன்னை வெளியே இழுத்துப் போட்டாரே, அப்போது உள்ளே போன காற்றில் அவருடைய நுரையீரல் வெந்துவிட்டது. புண்ணான இடமெல்லாம் நீர் கசிந்து தேங்கியது. வாயில் குழாய் செருகி, மயக்கத்தில் குப்புறப் படுக்கவைத்தார்கள். வென்டிலேட்டர்தான் அவருக்காக மூச்சு விட்டது.

அது கொடுத்த மூச்சு ஒரு குழந்தைக்குக்கூடக் காணாது என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் குன்வோரிடம் சண்டைக்கே போனேன். “ஆறடி மனுஷனுக்கு இவ்வளவுதானா காத்து? இதுலயுமா கஞ்சத்தனம்?” என்றேன். அவள் கோபப்படவில்லை. “பெரிய மூச்சாக் கொடுத்தா புண்ணு இன்னும் கிழியும், நீர் இன்னும் ஊறும். சின்னச் சின்னதாத்தான் கொடுக்கணும். மூச்சு வெளிய போறப்பவும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளயே நிறுத்தி வைக்கிறோம். இல்லேன்னா காத்தறையெல்லாம் சுருங்கி ஒட்டிக்கும்” என்றாள். ட்ரிப்ஸையும் குறைத்தார்கள். மெல்ல மெல்ல நீர் வற்றியது.

இனி உன் விஷயம். கசிவைச் சொல்லும் அலாரத்தின் மேல் கம்பளிக் கையுறையைச் சுற்றிக் கட்டியது நீ. ஹெர்ரிங் மீன் சீசனில் சும்மா சும்மா கத்துகிறது, வேலை கெடுகிறது என்று என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே சிரித்துச் சொன்னாய். விபத்துக்குப் பிறகு அந்தப் பழியை ஐவிண்ட் தலையில் கட்டிப் பேசித் திரிகிறாய் என்று என் காதுக்கு வந்தது. அப்புறம் போன் செய்து, “அண்ணன் பொழைச்சுக்குவாரா அண்ணி?” என்று கேட்டாய். அன்று காலையில்தான் டாக்டர், “ஆக்ஸிஜனைக் குறைச்சிட்டோம், நல்லாத் தேறுறார்” என்று சொல்லியிருந்தாள். நான் உன்னிடம் விம்மி விம்மி அழுதேன். “கைய விரிச்சிட்டாங்க ஸ்டுர்லா” என்றேன். அத்தனையும் நடிப்பு. இனி அவர் வாய் திறக்கமாட்டார் என்ற தைரியத்தில் மறுநாளே நீ, கையுறையைக் கட்டியது அண்ணன்தான் என்று விபத்தை விசாரிக்கும் ஆய்வாளர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். எனக்கு வேண்டியதும் அதுதான். வாயால் சொன்னதை இல்லை என்று சாதிக்கலாம், கையெழுத்தை என்ன செய்வாய்? இப்படிச் செய்ததற்கு எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

நேற்று குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறார். பேசவும் பேசினார். கரகரத்த குரலில் முதலில் கேட்டது என்னைப் பற்றி அல்ல. “ஸ்டுர்லா தப்பிச்சானா?” என்றார். தப்பித்துவிட்டான் என்றேன். சிரித்தார். வெடித்த உதட்டில் ரத்தம் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உன்னை என்னால் மன்னிக்க முடியாது.

நீ செய்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. அவரை விசாரிக்க ஆய்வாளரைத் திங்கட்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்துக்கு நீ வந்து சேர். கட்டிலருகே நாற்காலி போட்டு வைக்கிறேன். உன் வாயாலேயே அவரிடம் சொல்.

நோய்நொடி இல்லாமல், நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு நீ நெடுநாள் வாழ வேண்டும். அத்தனை நாளும் உன் அண்ணன் முகத்தில் நீ விழிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஐவிண்டின் மனைவி
ஒட்னி