தலையணைப் பஞ்சும் போடியாரின் பஸ்ஸும்

என் ஆதம்பாவா மச்சானுக்கு,

நீ இருக்கிற இடத்தில் காற்று காய்ந்த காற்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே கல்லடியில் அது பழையபடிதான். வாவியில் முங்கி எழுந்து, உடம்பைத் துவட்டாமல் நேரே நம்முடைய பெயின்ற் பட்டறைக்குள் நுழைகிறது. நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. நான் இன்னும் மெலியவில்லை. பாக்கியம் இன்னும் என்னோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியாதாம்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உன்னைப் பற்றி ஒரு பொய் ஊரில் நடமாடுகிறது மச்சான். அதைப் பெற்று வளர்த்தவன் நான்.

போடியாரின் பஸ்ஸை மறந்திருக்க மாட்டாய். வயல் வட்டையும் மாட்டு வண்டியுமாகத் திரிந்த மனிசன் திடீரென்று பஸ் வாங்கி, ஏறாவூருக்கும் கல்லடிக்கும் ஓடவிட்டார். அதற்குப் பச்சைப் பெயின்ற் அடித்தோம். மூன்றாம் நாள் பஸ்ஸின் உடம்பெல்லாம் கொப்புளம். பஸ்ஸுக்கு அம்மாள் வந்துவிட்டாள் என்று சந்தையில் சிரித்தார்கள். நான் நாவூறு என்றேன். கோயில் தீர்த்தம் கொண்டுவந்து காற்று மெஷினில் தெளித்தேன். என் மனம் நோகாமலிருக்க நீயும் ஒரு செம்பு ஓதின தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாய். தண்ணீரால் வந்த நோய் வருத்தத்துக்கு இரண்டு சமயத்துத் தண்ணீரையும் தெளித்த பட்டறை உலகத்தில் வேறெங்கும் இராது. தெளிக்கும்போது நீ ஏன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய் என்று அன்று நான் கேட்கவில்லை.

பிறகு போடியாரிடம் போய், 'பிழை என்னுடையது' என்று நீயே சொன்னாய். அடுத்த மாதம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. 'கொப்புளப் பெயின்றர்' என்ற பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் காற்றை அமுக்கித் தொட்டியில் அடைக்கிறது. அமுக்க அமுக்கக் காற்று கொதிக்கிறது. தொட்டியிலிருந்து வடிகட்டிக்குள் புகுந்து, குழாய் வழியாகப் பெயின்ற் விசிறும் துவக்குக்குப் போகிறது. வடிகட்டியைத் தூரத்தில், துவக்குக்குக் கிட்டப் பூட்டவேண்டும் என்று நீ மன்றாடினாய்.

"சூட்டுக் காத்து தண்ணிய ஒளிச்சு வெச்சிரிக்கும் மச்சான். ஆறவுட்டாத்தான் காட்டும். ஆறின இடத்திலதான் புடிக்கோணும்."

எனக்கு அவ்வளவு தூரம் நடக்கப் பஞ்சி, சோம்பல். தொட்டியோடு ஒட்டியே பூட்டிவிட்டேன். அதோடு விட்டேனா? நீ ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், உள்ளே நீ வைத்த இரண்டு வட்டக் கம்பளித் துணி போதாது என்று, பாக்கியத்தின் தலையணையைக் கிழித்து வடிகட்டிக்குள் இலவம் பஞ்சைத் திணித்தேன். திணிக்கத் திணிக்க நன்றாக வடிக்கும் என்பது என் விஞ்ஞானம். நீ திரும்பி வந்து துவக்கைப் பிடித்தால் காற்று வரவில்லை, தும்மல் வந்தது. நான் சத்தம் போடாமல் போய் மெஷினின் அமுக்கத்தைக் கூட்டினேன். கூட்டக் கூட்டத் தொட்டி கொதித்தது. பஞ்சைத் தாண்டி ஆவி போய், குழாயில் ஆறித் தண்ணீராகிப் பெயின்றோடு சேர்ந்து பஸ்ஸில் விழுந்தது. கொப்புளம் வராமல் பூவா பூக்கும்?

போன மாதம் போடியார் வந்தார். மகளுக்குக் கல்யாணமாம், பஸ்ஸுக்கு மறுபடி பெயின்ற் அடிக்கவேண்டுமாம். இம்முறையும் கொப்புளித்தால் பட்டறைப் பலகையில் இருக்கிற உன் பெயரை அழித்துவிட வேண்டும், அந்தப் பெயர்தான் தரித்திரம் என்றார். பலகையில் உன் பெயர் இல்லாவிட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பது?

நீ சொன்னபடியே செய்தேன். சுவர் நீளத்துக்கு இரும்புக் குழாய் இழுத்தேன், தண்ணீர் தொட்டிக்கே வழிந்து திரும்பும்படி சரிவாக. வடிகட்டி துவக்குக்குக் கிட்ட. அதற்கு முன்னால் அமுக்கம் காட்டும் முள் மீற்றர் ஒன்று, பின்னால் ஒன்று. முதல் நாள் தொட்டியின் அடித் திருகைத் திறந்தேன். ஒரு செம்பு தண்ணீர் வந்தது. மீன் மட்டும்தான் இல்லை.

பாதி பஸ் முடிந்த நேரம் பின் மீற்றரின் முள் விழத் தொடங்கியது. முன் மீற்றர் அசையவில்லை. கை தானாக மெஷினைக் கூட்டப் போனது. அடித்து நிறுத்தினேன், என் கையைத்தான்.

போடியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "என்னடாப்பா, நிப்பாட்டிப் போட்டாய்?"

"துணி தண்ணி குடிச்சது காணும், போதும் போடியார். இனிக் குடிச்சா வாந்திதான். மாத்தப்போறன்."

வெயிலில் காய்ந்த கம்பளித் துணியை மாற்றினேன். முள் ஏறி முன்னதுக்குப் பக்கத்தில் நின்றது. துவக்கு பூனை மாதிரி உறுமியது.

பத்து நாளாகிறது மச்சான், ஒரு பரு இல்லை. கல்யாணத்துக்கு வந்த பெண்டுகள் பஸ்ஸில் முகம் பார்த்துப் பொட்டு வைத்தார்கள். ஒரு கிடாய் தன் நிழலோடு முட்டிக் கொம்பைக் கெடுத்துக்கொண்டது. போடியார் சபை நடுவில் என் முதுகில் தட்டி, ஆதம்பாவா இருந்திருந்தாலும் இப்படிச் செய்திருக்க மாட்டான் என்றார்.

என் வாய் உனக்குத் தெரியும்; புகழ்ச்சியை மறுத்துப் பழக்கமில்லை. அன்று மறுத்தேன்.

"போடியார், அந்தக் கொப்புளம் என்ட. இந்த மினுக்கம் அவன்ட."

தலையணைக் கதை முழுவதையும் சொன்னேன். போடியார் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "உன்ட வாய்தான் கூடாதது எண்டு நினைச்சன். கையுமா?" என்றார். சபை சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. பலகையைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

மறுநாள் ஏறாவூருக்குப் போய் உன் மனைவியிடமும் சொன்னேன். தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள், சிரித்துவிட்டாள்.

"அவருக்குத் தெரியும் அண்ணன். வடிகட்டிக்குள்ள இரிந்து பஞ்ச எடுத்து வந்து, காயவெச்சிப் புள்ளைக்குத் தலகாணி தெச்சிப் போடு எண்டு தந்தாரு. உங்களுக்கிட்டச் சொல்லவேணாம், கவலப்படுவீங்க எண்டாரு."

எட்டிப் பார்த்தேன். உன் கடைக்குட்டி என் விஞ்ஞானத்தின்மேல் கன்னத்தை அழுத்திக்கொண்டு தூங்கினாள்.

ஏன்டா சொல்லவில்லை? ஓதின தண்ணீர் தெளிக்கும்போதும் தெரியுமா?

ஒரு சத்தியம் செய்கிறேன். இனி ஒவ்வொரு நாள் காலையும் என் வாயைத் திறக்கிறதுக்கு முன் தொட்டியின் அடித் திருகைத் திறப்பேன். உன் பலகையை நானே துடைப்பேன், காய்ந்த துணியால். பாக்கியத்துக்குப் புதுத் தலையணையும் வாங்கிக் கொடுப்பேன். சபைக்கு வராத அவள் இன்னும் எலிதான் கடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்னிடம் ஒன்றையும் ஒளிக்கத் தெரியாத,
உன் எலி மச்சான்,
கல்லடிக் கணவதி