சிப்பிகாட் கல்யாணத்தில் நீங்கள் குடித்தது

மாஸ்டர்,

நேற்று லம்பா லைனில் ஒரு வளைகாப்பில் பாடப் போயிருந்தேன். தீவுக்குக் கப்பல் வராமல் பால்பவுடர் தீர்ந்துவிட்டதால் லால் சாய்தான் கொடுத்தார்கள், பாலில்லாத சிவப்புத் தேநீரில் எலுமிச்சை பிழிந்து. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாசனையில் நீங்கள் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டீர்கள். கண் கலங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கிளாரினெட் மாஸ்டர்னு ஒருத்தர் இருந்தாரே, சிப்பிகாட் கல்யாணத்துல ஃபுல் பாட்டில உள்ள தள்ளிட்டு வாசிச்சாரு பாருங்க, க்யா பாத் ஹை! போதை இல்லாம அப்படி வருமா?"

அழுகை போய்க் கோபம் வந்தது. நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் அந்தப் பாட்டில் மட்டும் சாகவில்லை.

நீங்கள் செத்த அன்றே ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. "குடிகாரன் போனான், பொண்டாட்டி பிழைச்சா" என்றது ஒரு கூட்டம். உங்கள் வாசிப்புக்காகக் கல்யாணத் தேதியையே மாற்றி வைத்த வீட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். இன்னொரு கூட்டம் இரங்கல் கூட்டம் நடத்தியது. தலைமை, ரோடு போடும் நம் காண்ட்ராக்டர். "மதுதான் அவருக்கு வாணி கொடுத்த வரம்" என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். சாவுக்குக் கூடிய கூட்டத்தில் கைதட்டல்! உங்களைத் திட்டினவர்களையாவது மன்னித்துவிடுவேன். இந்தப் புகழ்ச்சியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நீங்கள் பெட்டியைத் திறக்குமுன் பக்கத்தில் ஒரு ரம் கிளாஸ் வந்துவிடும். மாஸ்டருக்கு மரியாதை என்று அதற்குப் பெயர். தமிழர் வீடு, வங்காளி வீடு, தெலுங்கர் வீடு என்று பேதமே கிடையாது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய எனக்குத் தெரியும், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஊற்றியவர்கள்மேல் மட்டும் பழியைப் போட்டு உங்களை விட்டுவிடவும் மாட்டேன். குடித்தது உங்கள் வாய்தான். உங்கள் வீட்டு அக்கா என்னிடம் வந்து எத்தனை தரம் அழுதிருக்கிறார்கள் தெரியுமா?

ஆனால் அந்த மழைக்காலம் எனக்கு மறக்காது. ரத்த வாந்தி எடுத்துப் பிழைத்து எழுந்தவர் நேரே அக்காவோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். "விட்டுட்டேன் டீச்சர். வெளிய மட்டும் சொல்லிடாதீங்க. குடிக்காதவன் வாசிச்சா சப்புனு இருக்கும்னு ஒருத்தனும் கூப்பிட மாட்டான்" என்றீர்கள். விரல் நடுக்கத்தில் கிளாரினெட்டின் துளைகள் மூடவில்லை. எங்கள் பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே நாள் தவறாமல் உட்கார்ந்து சாதகம் செய்தீர்கள். "மழைச் சத்தத்துல பிசிறு வெளிய கேக்காதுல்ல" என்று சிரிப்பீர்கள். மழை விடுவதற்குள் பிசிறும் விட்டுப்போயிற்று.

கச்சேரிகளுக்கு நான் ஃபிளாஸ்க் கொண்டுவரத் தொடங்கினேன். திக்காக லால் சாய், எலுமிச்சை தனியாக. ரம் கிளாஸை யாரும் பார்க்காதபோது பந்தலுக்கு வெளியே கொட்டிவிட்டு, அதே கிளாஸில் தேநீரை ஊற்றி வைத்துக்கொள்வீர்கள். நிறத்தைப் பார்த்து எல்லாரும் ஏமாந்தார்கள்.

சிப்பிகாட் கல்யாணம், காண்ட்ராக்டரின் மகள் கல்யாணம், அப்படித்தான் நடந்தது. பந்தி தொடங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜனம் தகரக் கொட்டகைக்குள் நெருக்கியடித்து நின்று முணுமுணுத்தது. நீங்கள் சத்தத்தோடு போட்டி போடவில்லை. ஆனந்தபைரவியை எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாகத் தொடங்கினீர்கள். முணுமுணுப்பு நின்றது. வங்காளிச் சமையற்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றார்கள். மணப்பெண் அழுதாள். நான் பாடுவதை விட்டுவிட்டுக் கேட்டேன். நீங்கள் நடுவில் நிறுத்தி இரண்டு வாய் லால் சாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தீர்கள். ஊர் பார்த்தது அந்த இரண்டு வாயைத்தான்.

அடுத்த பங்குனி உத்திரத்தில் எல்லாம் பாழாயிற்று. காண்ட்ராக்டர் உரிமையோடு உங்கள் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அரே, லால் சாய்! மாஸ்டர் நம்மளையே ஏமாத்துறாருடா!" என்று கத்தினார். மேடையைச் சுற்றி ஒரே சிரிப்பு. தேநீரைக் கொட்டி ரம்மை ஊற்றி உங்கள் வாயருகே நீட்டினார். "வேணாம் மாஸ்டர்" என்றேன். "டீச்சர், நீங்க பாட்டைப் பாருங்க. மாஸ்டரை நாங்க பாத்துக்கறோம்" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், கூட்டத்தைப் பார்த்தீர்கள், வாங்கிக் குடித்தீர்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்! அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை.

காரியத்தன்று உங்கள் படத்துக்கு முன்னால் படையல். இட்லி, வடை, உங்களுக்குப் பிடித்த மீன் வறுவல் எல்லாம் வைத்திருந்தோம். காண்ட்ராக்டர் வந்தார், கையில் சீல் உடைக்காத ரம் பாட்டிலோடு. "அவருக்குப் பிடிச்சது இதானே" என்று இலை நடுவில் வைத்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்கள். என் வகுப்பில் படித்த உங்கள் மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், அப்பா குடிச்சாத்தான் நல்லா வாசிப்பாரா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் பொறுத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பாட்டிலை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தேன். அடுப்படிக்குப் போய் லால் சாய் போட்டு, எலுமிச்சை பிழிந்து, படத்துக்கு முன் வைத்தேன். எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "சிப்பிகாட்ல அன்னிக்கு மாஸ்டர் குடிச்சது இதான். நான் போட்டுக் கொண்டுபோன டீ. ஒரு சொட்டு ரம் கிடையாது."

காண்ட்ராக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இருக்காது டீச்சர். டீயக் குடிச்சிட்டு எவனும் அப்படி வாசிக்க முடியாது."

கேட்டீர்களா? நடுங்குகிற விரலை அடக்கி, மழைக்குக் கீழே உட்கார்ந்து நீங்கள் திரும்பச் சம்பாதித்த வாசிப்பு அது. அந்தப் பெயரை ஒரு பாட்டிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கும் கொடுத்தார்கள், நேற்று வளைகாப்பிலும் கொடுத்தார்கள்.

ஆனால் உங்கள் மகள் அன்று படையல் எடுத்தபோது வேறெதையும் தொடவில்லை. அந்த லால் சாயை எடுத்து, ஆறிப்போயிருந்தும், ஒரே மூச்சில் குடித்தாள். "கசக்குது டீச்சர்" என்றாள். "அவருக்கும் கசந்துச்சுடி, குடிச்சாரு" என்றேன்.

இப்போதும் பாடப் போகிறேன், மாஸ்டர். ஸ்ருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் அதே மாதிரிக் கண்ணாடி கிளாஸில் திக்காக லால் சாய் வைத்துக்கொள்கிறேன். பொம்பளை மேடையில் என்ன குடிக்கிறாள் என்று முன்வரிசையில் குசுகுசுப்பு எழும். எழட்டும் என்றுதான் வைக்கிறேன். நேற்றும் பாட்டை முடித்துவிட்டு பாட்டில் கதை பேசிய அந்த ஆளிடம் நேராகப் போனேன். என் கிளாஸை அவர் கையில் கொடுத்தேன்.

"குடிச்சுப் பாருங்க. சிப்பிகாட் கல்யாணத்துல மாஸ்டர் குடிச்சது இதான்."