பேய் நான்தான் என்றால் யார் நம்புகிறார்கள்

ஐப்பசி, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மாடிப்படியில் பாசி. சரோஜா பிளீச்சிங் பவுடர் வாங்கச் சொன்னாள். வாங்கவில்லை. காரணம், ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த போன்.

மகள் கவிதாவின் மாமியார். அழுகை பாதி, அதட்டல் பாதி. "அண்ணே, உங்க ஊட்டு மாடிப்படியில பேய் எறங்கி வர்றது வாட்ஸ்அப்ல சுத்திகினு இருக்குது. வெள்ளிக்கிழமை வளைகாப்பு பண்ணிக்கலாம். ஆனா பொண்ண அனுப்ப மாட்டோம். வாயும் வயிறுமா கீறா."

ஒரே மகள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். சரோஜா இடித்து வைத்திருக்கும் பிரசவ மருந்து திருவள்ளூர் மாவட்டத்துக்கே போதும்.

அந்தப் பேய் அடியேன்தான்.

விவரம் எழுதி வைக்கிறேன். அண்ணன் மகள் கீதாவுக்கு தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை. கூட வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து ஒரு பேய்ப்படம் எடுத்தாள். ஐந்து குட்டிக் கதை. கம்பெனி பஸ் சீட்டுக்கடியில் ஐந்து மெமரி கார்டு கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் யாரோ செல்போனில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே செத்துப்போன வீடியோ. மூன்றாவது கார்டு, மணவாள நகரில் என் வீட்டு மாடிப்படி. புடவை கட்டி, சவுரி முடியை முகத்தில் போட்டுக்கொண்டு, நாலு காலில், தலை கீழே கால் மேலே என்று இறங்கும் உருவம் நான். கும்மிடிப்பூண்டியில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய இடுப்பு. ஈரேழு உலகிலும் இப்படி ஓர் இறக்கம் நடந்ததில்லை.

என் பேரைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"பேரு போட்டா நடிப்புன்னு தெரிஞ்சிடும் சித்தப்பா. எவனோ எடுத்தது, எங்கியோ கெடச்சதுன்னு இருந்தாதான் இந்த மாதிரி படம் நிக்கும்."

நின்றது. எவனோ மூன்றாவது கதையை மட்டும் வெட்டி 'மணவாள நகரில் உண்மைச் சம்பவம்' என்று ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

செவ்வாய்

மழை. பிளீச்சிங் பவுடர் இன்றும் இல்லை.

வெட்டிய துண்டு யூடியூபிலும் ஏறிவிட்டது. ரசிகப் பெருமக்கள் அதன் கீழே எழுதியிருப்பதில் பொறுக்கியது:

ஒருவன்: இது கேரளா, எனக்கு இடம் தெரியும்.

ஒருத்தி: எங்கள் பெரியம்மா அந்த வீட்டில் குடியிருந்தார், அமாவாசைக்கு அமாவாசை வரும். (வீட்டைக் கட்டியவன் நான். இவள் பெரியம்மா எந்த யுகத்தில் குடியிருந்தாள்?)

இன்னொருவன்: நிஜம்தான். நடிகனாக இருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பான்.

மூன்றாமவன் முகவரி கிடைத்தால் நல்லது.

டீக்கடையில், "இன்னா பெர்சு, உங்க ஊட்டு பேய்க்கு ஆதார் எடுத்தாச்சா?" பேஜாரு.

மத்தியானம் கவிதா போன். "அது எங்கப்பாதான்னு தலையில அடிச்சிகினு சொல்லிட்டேன்பா. 'உங்கப்பா சொல்லிக் குடுத்திருப்பாரு, பழவேற்காட்டுல பஸ் நீளத்துக்கு மீன் புடிச்ச ஆளாச்சே'ன்றாங்க அத்தை."

அந்த மீன் முழங்கை நீளம். பெண் பார்க்க வந்தபோது சபை கலகலப்பாக இருக்கட்டும் என்று கொஞ்சம் நீட்டினேன். ஆயுள் முழுக்கச் சொன்னதையெல்லாம் நம்பினார்கள். ஒரே ஒரு உண்மை சொன்னேன், போச்சு.

"உனக்கு பயமா இருக்குதா கண்ணு?"

"பேய்க்கு இல்லப்பா. இங்க எல்லாரும் என்னையே பாத்துகினு பயப்படறாங்க, அதான் ஒரு மாதிரி கீது. எனக்கு அம்மாகிட்ட வரணும்."

போனை வைத்த பிறகு மிகைப்படுத்திச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

புதன்

மழை விட்டது. கீதா லீவு போட்டாள். லேப்டாப்போடு சம்பந்தி வீட்டுக்குப் படையெடுப்பு. திட்டம்: முழுப் படத்தையும் காட்டினால் மற்ற நாலும் கதை, இதுவும் கதை என்று புரிந்துவிடும். சாணக்கியனுக்கே தோன்றாத யோசனை.

முதல் கார்டு. சம்பந்தி நெல் விவசாயி, நியாயஸ்தர். "ஓடறவன் எதுக்கு நைனா போனைப் புடிச்சிகினே ஓடறான்? நாங்க பாம்பப் பாத்தா மம்பட்டியவே போட்டுட்டு ஓடுவோம்."

இரண்டாவது. "எல்லாரும் செத்துட்டானுங்க. அப்ப கார்டைக் கொண்ணாந்து சீட்டுக்கடியில வச்சது யாரு?"

அருமை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மூன்றாவது. சம்பந்தியம்மா கவிதாவின் கண்ணைப் பொத்தினார். நாலாவது, ஐந்தாவது ஓடி முடிந்தது. அவர் தீர்ப்பு: "மத்த நாலும் சினிமா. அது ஒண்ணுதான் நெசம்."

கீதா என் காதில், "சித்தப்பா, நம்ம கதைதான் பெஸ்ட்!" மகள் வருகிற வழி அடைபட்டுக் கிடக்கிறது, இவளுக்கு மார்க் வேண்டும்.

பொறுக்கவில்லை. அவர்கள் வீட்டு மாடிப்படியிலேயே வேட்டியை மடித்துக் கட்டி நாலு காலில் இறங்கிக் காட்டினேன். மூன்றாம் படியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சம்பந்தியும் மாப்பிள்ளையும் சாக்கு மூட்டை தூக்குவதுபோல் தூக்கினார்கள்.

"அது இன்னா வேகமா எறங்குச்சு. நீங்க அதுவா? போங்கண்ணே."

கீதா படத்தில் வேகத்தைக் கூட்டினாளாம். திரும்பும் பஸ்ஸில் சொல்கிறாள்.

வியாழன்

வெயில். இடுப்பில் தைலம்.

சாட்சி ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, கீதாவைத் தவிர. பேய் கட்டியிருந்த புடவை. கல்யாணத்தில் சம்பந்தியம்மா சரோஜாவுக்கு எடுத்துக்கொடுத்தது. வெளிர் பச்சை, மாங்காய் பார்டர். சரோஜா கட்டாமல் பீரோ அடியில் வைத்திருந்தாள். நான் கேட்காமல் எடுத்தேன். கீதா முந்தானையைக் கிழித்து, டீ டிகாஷனில் முக்கி, ரத்தத்துக்கு பழைய இன்ஜின் ஆயில் ஊற்றினாள். இப்போது பரண் மேல், மஞ்சள் பையில்.

காட்டினால் பேய் ஒழியும். மரியாதையும் ஒழியும். 'எங்க சீர்ப் புடவையப் பேய்க்குக் கட்டினவன் மவ' என்று கவிதா காலம் பூரா கேட்க வேண்டும். சரோஜா என்னை என்ன செய்வாள் என்பதை எழுத இந்த நோட்டுப் பத்தாது.

காட்டாவிட்டால் பிள்ளை அம்மாவிடம் வராது.

மூன்று முறை பரண் ஏறினேன். மூன்று முறையும் எட்டுக்கால் பூச்சியைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

வெள்ளி

சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. கவிதாவுக்கு இரண்டு கையும் முழங்கை வரை வளையல். ஐந்து வகை சாதம். சரோஜா சந்தனம் பூசும்போதே அழுகை.

எல்லாம் முடிந்தது. சரோஜா கடைசியாகக் கேட்டாள், "அனுப்புங்க சம்பந்தியம்மா." அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. கவிதா குனிந்து வளையலை எண்ணுவதுபோல் இருந்தாள்.

விடியற்காலையில் நாலாம் முறை பரண் ஏறி எடுத்துவந்திருந்த மஞ்சள் பையைத் திறந்தேன். புடவையை உதறிக் கூடத்து நடுவில் விரித்தேன். ஆயில் நாற்றம். பக்கத்தில் கீதா லேப்டாப்பில் பேயை நிறுத்தி வைத்தாள். அதே கிழிசல், அதே பார்டர்.

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மா பார்டரைத் தடவினார். "இது நான் எடுத்துக் குடுத்த பொடவ."

"ஆமாம்மா."

"பேய்க்குக் கட்டறதுக்கா எடுத்துக் குடுத்தேன்?"

அப்புறம் அரைமணி நேரம். எழுதத்தக்கதல்ல. என் பரம்பரையில் ஏழு தலைமுறைக்கு முன்னால் செத்தவர்களும் எழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். ஆனால் ஒன்று, பயம் போன இடம் தெரியவில்லை. லேப்டாப்பை இழுத்துத் திரும்பப் பார்த்தார். "த்தூ. இத்தப் பாத்துட்டா நாலு நாளா தூங்காம கெடந்தேன்? கொரங்கு மரத்தவுட்டு எறங்கறாப்ல கீது. ஒண்ணுமே நல்லால்ல."

நேற்றுவரை நிஜம். நான் என்று தெரிந்ததும் நடிப்பு சரியில்லை. இந்த ரசிகர்களை வைத்துக்கொண்டு கலை எப்படி வளரும்?

பிறகு கவிதாவிடம், "பேயில்லம்மா, உங்கப்பன்தான். கெளம்பு." சரோஜாவிடம், "கொழந்தைக்குப் பேரு வைக்கற அன்னிக்கு நீங்க இதே பொடவயத்தான் கட்டிகினு நிக்கணும்."

சனி

கவிதா இருக்கிறாள். வந்ததும் மூன்று தோசை.

சரோஜா நேற்றிலிருந்து பேசவில்லை. என் தட்டுக்கு நாஷ்டா வரவில்லை. பத்து மணிக்கு மஞ்சள் பை என் மடியில் வந்து விழுந்தது. மேலே ஊசி, பச்சை நூல்.

"யோவ், நீயே தொவ. நீயே தெய்."

இன்ஜின் ஆயில் கறை. சோப்பு இரண்டு கட்டி தீர்ந்தது. மூன்றாவது வாளி.