அம்மாவுக்காக நீ சாகவிடாத கிளாஸ்கோக்காரர்கள்

என் வாய்க்காரி அக்காவுக்கு,

உன்னுடைய கோட்டுக்காரன் திரும்பி வந்துவிட்டான். கிளாஸ்கோ பொலிஸ் நாடகத்தில் கசங்கின கோட்டோடு திரிவானே அந்த இன்ஸ்பெக்டர், அவனேதான். இத்தனை வருடம் கழித்துப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். தலை நரைத்து வயிறும் வண்டி வைத்துவிட்டது, கோட்டு மட்டும் அதே கோட்டு. போன சனிக்கிழமை அம்மாவும் நானும் முதல் பகுதியைப் பார்த்தோம்.

தொடங்கியதும் லிஃப்டுக்குள் ஒரு பிரேதம், கையில் பிறந்தநாள் பலூனோடு. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மயங்கிக் கிடக்கிறான் அம்மா" என்றேன். "அவ்வளவுதானோ? கொக்கா எண்டால் இதுக்குள்ளை ஒரு கதை சொல்லி முடிச்சிருப்பாள்" என்று உன்னைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வீட்டில் அந்தப் பொய்யைத் தொடக்கிவைத்தவள் நீ. உன் கதிரையில் இருந்து பார்த்தால்தான் நீ எவ்வளவு பெரிய கெட்டிக்காரி என்று தெரிகிறது.

ஊரில் சண்டை முடிகிற அந்த மாதங்களை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ரவி வன்னிக்குள் நின்றான். கடைக்குட்டி, அம்மாவின் செல்லம். தைப்பொங்கலுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் தமிழ்ச் செய்தி இரவு பகலாக ஓடியது. அம்மா அதற்கு முன்னால் சாப்பாடில்லாமல் இருந்தார், ஒவ்வொரு பிரேதத்தின் முகத்தையும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

ஒருநாள் நீ கோர்ட்டால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் டிவியை நிறுத்தினாய். "இனிக் காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்காத்தான் செய்தி. மிச்ச நேரத்துக்கு இது" என்று நூலகத்தில் எடுத்த டிவிடியைப் போட்டாய். நல்லாச் சிரிக்கலாம் என்று அங்கே நின்ற பெட்டை சொன்னாளாம். சிரிப்புத்தான், ஆனால் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் பிரேதம் விழுகிற சிரிப்பு என்று அவள் சொல்லவில்லை. உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"உந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று அம்மா கேட்டார். நீ கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவள். ஒரு சொல் கூட்டினாலும் ஒரு சொல் விட்டாலும் அது களவு என்று எங்களுக்குப் பிரசங்கம் வைக்கிறவள். கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட எடுக்காமல் சொன்னாய்: "மயங்கிட்டான் அம்மா. காலமை சாப்பிடேல்லையாம்."

அதோடு தொடங்கியது. கிளாஸ்கோவில் அதற்குப் பிறகு ஒருவரும் சாகவில்லை. ஐஸ்கிரீம் வானுக்குள் ஒருவன் விறைத்துக் கிடந்தான், கோட்டுக்காரன் அவனைப் பார்த்தபடியே அதே வானில் ஒரு ஐஸ்கிரீம் எடுத்துக் குடித்தான். "குளிர் பிடிச்சிட்டுது, ஹீற்றருக்குப் பக்கத்திலை வைச்சால் எழும்பியிடுவான்" என்றாய். இன்னொருவனைப் பெட்டியோடு குழியில் இறக்கினார்கள். "பெடியனைக் கனடாவுக்கு அனுப்பீனம்" என்றாய்.

"பெட்டிக்குள்ளை வைச்சோ அனுப்புறது?"

"நாங்கள் வந்த வழியைப் பாத்தால் உது சொகுசு அம்மா."

அம்மா சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டுதான் ரெக்ஸ்டேலில் இருக்கிற சித்தப்பா வாசலில் வந்து நின்றார். "ஊரிலை சனம் சாகுது, இஞ்சை என்ன பகிடி?" என்று பாய்ந்தார். "அம்மா இண்டைக்கு ஒரு கோப்பை சோறு சாப்பிட்டவ சித்தப்பா. நீங்களும் இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாய். மனுசன் இருந்தார், இரண்டு பகுதி பார்த்தார். போகும்போது, "அந்த நெட்டைச்சி கள்ளியோ, பொலிசோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் குசினிக்குள் எங்களுக்கு வேறு கதை இருந்தது. ரவியைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் அம்மாவிடம் யார் சொல்வது? சொல்லவே வேண்டாம் என்றேன் நான். சித்தப்பாவும் அதேதான் சொன்னார். அப்போது இங்கே எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். நீ பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாய். டிவியில் செத்தவனையே எழுப்புகிறவள், தம்பியை எப்படிச் சாகவிடுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வைகாசியில் எல்லாம் முடிந்துபோனது என்று செய்தி வந்த பிறகு, ஒரு ஞாயிறு காலை அந்த அழைப்பு வந்தது. நீ படத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய். வவுனியா முகாமிலிருந்து ரவியோடு ஒரே பங்கருக்குள் இருந்தவன் பேசினான். "ஓம்... ஓம்... நீங்கள் கண்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டாய். அம்மா, "ஆர் பிள்ளை, என்னவாம்?" என்றார். சொல்லாதே என்று அம்மாவுக்குப் பின்னால் நின்று நான் தலையை ஆட்டினேன்.

நீ டிவியை நிறுத்தினாய். அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து இரண்டு கையையும் பிடித்தாய். "அம்மா, ரவி செத்திட்டான். ஷெல் பட்டது. கதைச்சது அவன்ரை கூட்டாளி. தன்ரை கையாலை மண்ணிலை தாட்டவனாம்." அவன் சொன்னது அவ்வளவுதான், நீ சொன்னதும் அவ்வளவுதான். அம்மா போட்ட சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

பின்னேரம் சித்தப்பா வந்து உன்னைத் தாறுமாறாக ஏசினார். "நாடகத்திலை செத்தவனையெல்லாம் எழுப்புறனி, தாயிட்டை உப்பிடியே சொல்லுறது?" என்றார். வாய்க்காரி நீ, அன்றைக்கு மெதுவாகத்தான் பதில் சொன்னாய். "அவங்கள் நடிகர் சித்தப்பா. காட்சி முடிய எழும்பித் தேத்தண்ணி குடிப்பாங்கள். ரவி எழும்பமாட்டான். அம்மாவை விட்டால் அவனுக்கு ஆர் அழுறது? மறைச்சால் அந்த ஒரு ஆளையும் நாங்கள் பறிச்ச மாதிரி." சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

யூனியன்வில்லில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் ஒவ்வொரு தீபாவளிக்கும் மகனுக்குச் சேட்டு வாங்கி வைக்கிறார். பிள்ளைகளுக்கு உண்மை தெரியும், சொல்ல வாய் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், பாவங்கள். ஆனால் எங்கள் அம்மா அழுது முடித்தார். ரவிக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார். உனக்கு எங்கிருந்து வந்தது அக்கா அந்தத் துணிவு?

ரவியின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து கொஞ்ச நாளில் அம்மாவே அந்தப் படத்தைப் போடச் சொன்னார். ஆற்றில் ஒரு பிரேதம் மிதந்தது. உனக்கு வாய் வரவில்லை. "அது செத்துப்போச்செண்டு தெரியும் பிள்ளை, முதல் நாளே தெரியும். நீ சொல்லு. நீ சொல்லுற கதைதான் எனக்கு விருப்பம்" என்றார் அம்மா. நீ எழும்பிக் குளியலறைக்குள் போய் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாய்.

இந்தத் தை மாதம் ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடினதும் சித்தப்பா பழைய கதையைத்தான் தொடங்கினார். "அண்ணி தாங்கமாட்டா, கடுமை எண்டு மட்டும் சொல்லுவம்" என்று சித்தியிடம் சொன்னார். நான் நில்லாமல் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். "அம்மா, அக்கா செத்திட்டா. நான் பக்கத்திலைதான் நிண்டனான்" என்றேன். ஒரு சொல்லும் பிசகவில்லை.

அம்மா, "நீயும் கொக்கா மாதிரியே சொல்லிப்போட்டாய்" என்றார். பிறகுதான் அழுதார். உன்னைப் போல என்று ஒருவர் என்னைச் சொன்னது அன்றைக்குத்தான், அதை எந்த நேரத்தில் கேட்டேன் பார்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. நான் முந்திவிட்டால் அம்மாவிடம் யார் சொல்வது? மகள் அபியிடம் கேட்டேன், இங்கே பிறந்த பிள்ளை. "ஓகே அப்பா, நான் அப்பம்மாட்டைச் சொல்லுவன். பட் நீங்க சாகாதேங்கோ, ப்ளீஸ்" என்றாள். அடுத்த நாளே டொக்டரிடம் போனேன். பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன். பிறம்ரன் வேர்ஹவுசில் இரவு வேலையை விட்டுவிட்டேன், ஷொப்பிங் மோலுக்குள் நடக்கிறேன். நீ கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன் அக்கா. அம்மா அந்தச் செய்தியை மூன்றாம் தரம் கேட்கமாட்டார். அவர் போகும்வரைக்கும் நான் இருப்பேன்.

உன் தம்பிமாரில் மிஞ்சியவன்,
சிறி