ஊர் கேட்காத பந்தி

அக்கா, விடுதிச் சமையற்கட்டில் மிளகு ரசம் கொதிக்கிறது. மார்கழிப் பனிக்கு அந்த வாசனை தொண்டையில் இறங்கினதுமே உன் நினைப்பு வந்துவிட்டது. நீ கண்ணை மூடிய பிறகு வருகிற முதல் அரையாண்டு லீவு இது.

அந்தக் காலத்தில் நம் இரண்டு வீட்டு ஆண்களும் வளைகுடாவில். பிள்ளைகளை லீவுக்கு ஊருக்கு அனுப்பிவிட்டு, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடில்லாதவர்கள் தங்கும் இந்த விடுதிக்குச் சோறு போட வருவோம். நான் அடுப்பு, நீ பந்தி. யார் உட்கார்ந்தாலும் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, எப்படியாவது சொந்தம் கண்டுபிடித்துவிடுவாய். உன் கணக்கில் அதுதான் மரியாதை. உன்னை மட்டும் என்ன சொல்வது, நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அப்படித்தானே!

இருமலோடு வந்த அந்தப் பெரியவரையும் விடவில்லை. "பையன் துபாயில" என்று வாயைத் திறந்தார், பாவம். நீ துள்ளிக் குதித்தாய்.

"அட, எங்க வூட்டு ஆளுவ பூரா அங்கதான் இருக்காங்க! பேரச் சொல்லுங்க, எஸ்.டி.டி. பூத்துலேருந்து ஒரு போன் போட்டா தேடிப் புடிச்சிரலாம்."

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து பனியில் போய்விட்டார். தான் இப்படிக் கிடப்பது மகன் காதுக்குப் போய்விடுமே என்ற பயம். எனக்கு வந்ததே கோபம்! "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்று கத்தினேன். நீ அழுதாய். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டுபிடித்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். மூச்சுவிடாமல் பேசுகிற நீ ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. வெகுநேரம் கழித்து, "வாங்க, சோறு ஆறுது" என்றாய். அவர் வந்தார்.

அதன்பிறகு பந்தியில் யாரும் ஊர் கேட்கக் கூடாது என்று நீயே சட்டம் போட்டாய். லீவு முடிவதற்கு முன்னால் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அவரே தலை நிமிராமல் சொன்னார்: "எம் பையன் கெட்டவன் இல்லம்மா. அவனுக்கு அங்க வேலை போயிருச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுதான் பேசாம இருக்கான்."

உனக்குள் ஆயிரம் கேள்வி முட்டியது, எனக்குத் தெரியாதா? "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று மட்டும் கேட்டாய். ஊற்றிவிட்டு உள்ளே வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதாய்.

நீயும் போன பிறகு நான் எதற்கு இங்கே அலைகிறேன் என்று என் மகள் திட்டுகிறாள். திட்டட்டும். நேற்று ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கிறாளாம். அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறேன், அக்கா. மூட்டுவலி கிடக்கட்டும், அவள் எழுந்து வருகிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.